தாய்மாமனுக்குப் பெயர் வைக்காத மொழி

உறவென்று ஒரு சொல் – தொடர் 9

திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில் அனுப்பர்பாளையம் வந்ததும் பனியன் ஊர் பாத்திர ஊராகிவிடும். பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று பட்டறைகள். இங்கே உருவாகும் அண்டா, தவலை, குடம், சொம்பு, குத்துவிளக்கு எல்லாம் கடைகள் வழியாகக் கல்யாண வீடுகளுக்குச் சீராகப் போகின்றன. கொங்கு நாட்டில் பாத்திரத்துக்குப் 'போசி' என்று பெயர். சீர்ப் போசி வாங்கினால் மட்டும் போதாது, அதில் பெயர் வெட்டியாக வேண்டும். கடைக்காரர் மின்சார ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்பார்: "பேரு என்னன்னு போடறதுங்க?"

பெயரோடு உறவும் சேர்ந்தே விழும். தாய்மாமன் சீர். அத்தை அன்பளிப்பு. பெரியப்பா, சித்தி, அப்பிச்சி. அந்த வீட்டை முன்பின் பார்த்திராத ஒருவர் கூட, பரணில் அடுக்கியிருக்கும் பாத்திரங்களைப் படித்தே அந்தக் குடும்பத்தின் படத்தை வரைந்துவிடலாம். யார் அப்பா வழி, யார் அம்மா வழி, யார் மூத்தவர் என்பது மட்டுமல்ல. யார் வீட்டில் பெண் எடுக்கலாம், யார் வீட்டில் எடுக்கவே கூடாது என்பதும் அந்தச் சொற்களில் இருக்கிறது.

இதே வரிசையை எபிரேயத்தில் வெட்டச் சொன்னால் ஊசி பாதி இடங்களில் நின்றுவிடும்.

எபிரேயத்தில் உடன்பிறந்தவன் 'ஆஹ்', உடன்பிறந்தவள் 'அஹோத்'. அவ்வளவுதான். அண்ணனும் 'ஆஹ்', தம்பியும் 'ஆஹ்'. மூத்தவர் என்று சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் 'பெரிய' என்று பொருள்படும் 'கதோல்' சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டாலும் இலக்கணத்துக்குக் குறையில்லை, யாருக்கும் மரியாதைக் குறைவும் இல்லை. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை புருஷன், சித்தி புருஷன் அத்தனை பேரும் இன்றைய எபிரேயத்தில் 'தோத்'. பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி எல்லாரும் 'தோதா'. அப்பாரும் அப்பிச்சியும் 'ஸபா'. அப்பத்தாவும் அம்மச்சியும் 'ஸவ்தா'. மகன் 'பென்', மகள் 'பத்'. பென்யமீன், பென் குரியன், பத்சேபாள் என்ற பெயர்களில் தமிழ் வாசகர் ஏற்கெனவே கேட்டவைதான் இவை.

அந்த மொழியில் அப்பாவை 'அப்பா' என்றும் அம்மாவை 'இம்மா' என்றும் கூப்பிடுகிறார்கள் என்றதும் சிலருக்குக் கை துறுதுறுக்கும். தமிழிலிருந்து போனது என்று மேடையில் முழங்குபவர்கள் உண்டு. அந்த இரண்டும் எபிரேயத்துக்கு அண்டை மொழியான அரமேயத்திலிருந்து வந்தவை. எபிரேயத்தின் சொந்தச் சொற்கள் 'ஆவ்', 'எம்'. பால்குடிக் குழந்தையின் உதடு முதலில் எழுப்பும் ஒலிகள் உலகெங்கும் பெற்றோரின் பெயராகிவிடுவதை மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960இல் ஒரு கட்டுரையில் விளக்கிவிட்டார். 'ஆஹ்' என்பதோடு 'அக்கா'வை முடிச்சுப் போடுவதும் இதே ரகம். அரபியில் 'அஃக்', அக்காடியத்தில் 'அஹு' என்று அதற்குத் தனி வம்சாவளி இருக்கிறது. இந்த ஒலி விளையாட்டில் நின்றுவிட்டால் சுவையான இடத்தைத் தவறவிட்டுவிடுவோம்.

எபிரேய வேதத்தில் ஆதியாகமத்தின் 28, 29ஆம் அதிகாரங்களை ஒரு கொங்கு நாட்டுப் பெரியவர் படிப்பதாக வைத்துக்கொள்வோம். ஏசா, யாக்கோபு இரட்டையர். அண்ணன் ஏசா போய் இஸ்மவேலின் மகளைக் கட்டுகிறான். இஸ்மவேல் யார்? அப்பா ஈசாக்கின் அண்ணன். தாய் வேறு, தகப்பன் ஒருவரே. அப்படியானால் ஏசா கட்டியது பெரியப்பா மகளை. பெரியவர் புத்தகத்தை மூடிவைத்துவிடுவார். அடுத்த அதிகாரத்தைத் திறந்தால் தம்பி யாக்கோபு, அம்மா ரெபெக்காளின் சகோதரன் லாபான் வீட்டுக்குப் போய், மாமன் மகள் ராகேலைக் கிணற்றடியில் பார்த்து, அவளுக்காக ஏழு வருஷம் மாமனுக்கு உழைக்கிறான். பெரியவருக்கு இப்போது முகம் மலர்ந்துவிடும். முறைப்பெண்ணாயிற்றே! மூத்தவள் லேயாள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை என்று லாபான் சொல்லும்போது, அது அனுப்பர்பாளையத்துக் குரலாகவே கேட்கும்.

ஆனால் எபிரேய மூலத்தில் இந்த இரண்டு கல்யாணங்களுக்கும் முறை என்ற அளவில் வேறுபாடே இல்லை. ஒன்று சரி, மற்றது தவறு என்ற எண்ணமே அங்கு எழவில்லை. அதைவிட வேடிக்கை, கிணற்றடியில் யாக்கோபு ராகேலிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் விதம். அவள் அப்பாவுக்குத் தான் 'ஆஹ்' என்கிறான், அதாவது சகோதரன். லாபானும் அவனை அப்படியே அழைக்கிறான். மாமனும் மருமகனும் ஒருவருக்கொருவர் சகோதரர்! ஆபிரகாமும் தன் அண்ணன் தம்பி வகையில் வந்த மகன் லோத்தை அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார். ரத்த சம்பந்தமுள்ள ஆண் எவரையும் 'ஆஹ்' தன் குடைக்குள் இழுத்துக்கொள்ளும். பழைய தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் யாக்கோபு விஷயத்தில் இதை அப்படியே விடவில்லை. 'மருமகன்' என்று போட்டுவிட்டார்கள். தமிழில் தங்கை மகனும் மருமகன், மகளைக் கட்டியவனும் மருமகன். யாக்கோபு கொஞ்ச காலத்தில் இரண்டும் ஆகிவிடுகிறான். எபிரேயம் சொல்லாத ஒன்றைத் தமிழ் முன்கூட்டியே சொல்லிவிட்டது. கதையின் முடிச்சு கொஞ்சம் அவிழ்ந்தும் போயிற்று.

பழைய எபிரேயத்தில் 'தோத்' என்றால் அப்பாவின் சகோதரர். அம்மாவின் சகோதரருக்குத் தனிச்சொல் கிடையாது. 'அம்மாவின் ஆஹ்' என்று விவரித்துத்தான் சொல்ல வேண்டும். காது குத்தும்போது மடியில் உட்காரவைத்துக்கொள்பவர், பெண் வயதுக்கு வந்தால் சீர் கொண்டுவருபவர், கல்யாணப் பந்தலில் முன்வரிசை இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு வண்டி ஏறுபவர்... இந்த ஆளுக்கு அங்கே பெயரே இல்லை.

மொழிக்கு மொழி மாறும் இந்த உறவுமுறைகளை முதலில் கட்டங்களாகப் போட்டுப் பார்த்தவர் அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன். ரோச்செஸ்டர் நகரில் இருந்தபடியே இருநூற்றுக்கும் மேற்பட்ட உறவுகளைக் கேள்வித்தாளாக அச்சடித்து உலகெங்கும் அனுப்பினார். தமிழுக்கான விடை ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்திடமிருந்து வந்தது. 1871இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய பெரிய நூலில் எபிரேயம் ஒரு பட்டியலில், தமிழ் வேறொரு பட்டியலில். எபிரேயம், அரபி, ஐரோப்பிய மொழிகள் எல்லாம் அவர் கணக்கில் ஒரு கட்சி: நேர்வழி உறவைத் தனியே வைத்துவிட்டு மற்றவர்களை விவரித்துச் சொல்பவை. தமிழ் எதிர்க்கட்சி: அப்பாவின் அண்ணன் தம்பிகளும் அப்பாக்களே, அவர்கள் பிள்ளைகளும் அண்ணன் தம்பிகளே. மார்கன் தன் நாட்டின் செனகா இரொக்குவா பழங்குடியிடமும் இதே முறையைக் கண்டிருந்ததால், தமிழரும் செவ்விந்தியரும் ஒரே வேர் என்றே முடிவுகட்டிவிட்டார். அந்த முடிவை இன்று யாரும் ஏற்பதில்லை. அவர் போட்ட கட்டம் நிற்கிறது. 1950களில் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் அதில் இன்னொரு திருகு வைத்தார். மாமன் என்பவர் முதலில் அம்மாவின் அண்ணன் அல்ல, அப்பாவின் மைத்துனர். கொண்டு கொடுத்த உறவு தலைமுறை தாண்டி நிற்பதுதான் மாமன் என்றார்.

மொழி மாறினாலும் தென்னிந்தியாவில் இந்தக் கட்டம் மாறாது. அனுப்பர்பாளையத்தின் பெயரிலேயே கன்னடம் பேசும் ஓர் உழவர் குடி இருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுப்பிலும் அவர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள். கன்னட வீட்டில் அண்ண, தம்ம, அக்க, தங்கி, மாவ, அத்தெ. தெலுங்கு வீட்டில் அன்ன, தம்முடு, அக்க, செல்லெலு, மாம, அத்த. கொங்கின் தெருவில் மூன்று மொழி பேசினாலும் யார் யாருக்கு என்ன முறை என்பதில் மொழிபெயர்ப்புச் சிக்கல் எழுவதேயில்லை.

கொங்கின் பெருங்கதைக்கே 'அண்ணன்மார் கதை' என்றுதான் பெயர். பொன்னர், சங்கர் என்ற இருவரின் வீரக்கதை. ஆனால் தலைப்பு அவர்கள் தங்கை தங்காளின் வாயிலிருந்து வருகிறது. அவளுக்கல்லவா அவர்கள் அண்ணன்மார்! கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1972இல் கொங்குச் சமூகம் பற்றியும், 1982இல் இந்தக் கதை பற்றியும் நூல்கள் எழுதினார். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் நடக்கும் இணைச்சீரையும் அவர் கவனித்திருக்கிறார். தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்குச் செய்யும் சீர் அது. நாளை உனக்குப் பெண் பிறந்தால் என் மகனுக்குக் கொடுக்க வேண்டும் என்ற உரிமையை அவள் அண்ணனின் கல்யாணத்தன்றே உறுதி செய்துகொள்கிறாள். உரிமைப்பெண் என்ற சொல் சும்மா வரவில்லை.

எபிரேயம் மூத்தவர் இளையவரைப் பார்ப்பதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அது பார்க்கும் இடம் வேறு. 'பெக்கோர்' என்ற சொல்லுக்குத் தலைமகன் என்று பொருள். உபாகமச் சட்டப்படி தகப்பன் சொத்தில் தலைமகனுக்கு மற்றவர்களைப்போல இரண்டு பங்கு. ஏசா கூழுக்கு விற்றது இந்த உரிமையைத்தான். இரண்டாவது மகனுக்கும் நாலாவது மகனுக்கும் இடையில் சட்டம் எந்த வேறுபாடும் காட்டாததால் சொல்லும் காட்டவில்லை. பங்காளிக்குள் பெண் எடுத்ததற்கும் ஒரு காரணம் தெரிகிறது. எண்ணாகமத்தில் செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் வருகிறார்கள். ஆண் வாரிசு இல்லாததால் தகப்பன் நிலம் அவர்களுக்கு வருகிறது. ஆனால் நிலம் வேறு கோத்திரத்துக்குப் போய்விடக் கூடாதே! ஐவரும் தங்கள் 'தோத்'களின், அதாவது சித்தப்பா பெரியப்பாக்களின், மகன்களையே கட்டிக்கொள்கிறார்கள்.

இந்த இரண்டு முறைகளும் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொண்ட கதை ஒன்று உண்டு. அது மங்களூரில் நடந்தது. அதிலும் ஒரு பித்தளைப் பட்டறை வருகிறது.

ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர், இன்றைய துனீசியாவின் மஹ்தியாவைச் சேர்ந்தவர். 12ஆம் நூற்றாண்டில் ஏடன் வழியாக மேற்குக் கடற்கரைக்கு வந்து மங்களூரில் தங்கினார். மிளகு, பாக்கு, இரும்பு வியாபாரத்தோடு பித்தளை வார்க்கும் பட்டறையும் நடத்தினார். ஏடன் நண்பர்கள் செம்பையும் உடைந்த பழைய பாத்திரங்களையும் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். இன்ன அளவில் தட்டு, இன்ன மாதிரி விளக்கு என்று கடிதம் கூடவே வரும். எடை பார்த்து, கூலி கணக்கிட்டு, செய்த பாத்திரம் திரும்பிப் போகும். வியாபாரி உலோகம் கொடுக்க, பட்டறைக்காரர் கூலிக்குச் செய்து கொடுக்கும் இந்த ஏற்பாடு அனுப்பர்பாளையத்துக்காரர்களுக்குப் புதிதல்ல.

1132 அக்டோபர் 17ஆம் தேதி மங்களூரில் ஓர் ஆவணம் எழுதப்பட்டது. ஆஷு என்ற அடிமைப் பெண்ணை பென் யிஜு விடுதலை செய்த ஆவணம். அவள் அவருடைய பிள்ளைகளின் தாயானாள் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அவருடைய கணக்குத் தாள் ஒன்றில் 'நாயர்' என்ற ஒருவர் மணவழி உறவினராகக் குறிக்கப்பட்டிருக்கிறார். ஆஷுவின் சகோதரர் என்று கருதுகிறார்கள். அது சரியென்றால் பென் யிஜுவின் பிள்ளைகளுக்கு அவர் தாய்மாமன். நாயர்களின் தாய்வழி மரபான மருமக்கத்தாய முறையில் தாய்மாமன்தான் குடும்பத்தின் தலை. அப்பாவின் கணக்குப் புத்தகத்தில் அவர் வரவு செலவு வைத்துக்கொண்ட ஒரு சம்பந்தக்காரர். பென் யிஜு எழுதியது எபிரேய எழுத்தில், பேசியது அரபி. அரபியில் தாய்மாமனுக்கு 'ஃகால்' என்று தனிச்சொல் இருக்கிறது, சித்தப்பாவுக்கு 'அம்' என்று வேறு சொல். ஆக, சொல்லுக்குப் பஞ்சமில்லை.

1149இல் அவர் பிள்ளைகளோடு ஏடனுக்குத் திரும்பினார். அதற்குள் சிசிலியை ஆண்ட நார்மன் அரசர் இரண்டாம் ரோஜரின் படைகள் மஹ்தியாவைப் பிடித்துவிட்டிருந்தன. உடன்பிறந்தவர்கள் திசைக்கொருவராகச் சிதறியிருந்தார்கள். ஏடனிலிருந்து அவர் அவர்களைத் தேடி எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே கோரிக்கை. மகள் சித் அல்-தாருக்கு அண்ணன் தம்பி அல்லது சகோதரி பிள்ளைகளில் ஒருவனை மாப்பிள்ளையாக அனுப்ப வேண்டும். மகனை ஏமனில் பறிகொடுத்தபின் இந்த வேகம் கூடியது. ஏடனில் வசதியான குடும்பம் ஒன்று பெண் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. கடைசியில் சிசிலியில் இருந்த சகோதரர் யூசுஃபின் மகன் சுரூர் எகிப்துக்கு வந்து சேர்ந்தான். 1156இல் ஃபுஸ்தாத்தில், அதாவது பழைய கெய்ரோவில், கல்யாணம் நடந்தது. மகளுக்குக் கொடுத்த சீர்ப் பட்டியலின் ஒரு துண்டுகூடக் கிடைத்திருக்கிறது.

அப்பாவுக்கு இது மிகப் பொருத்தமான சம்பந்தம். அரபு உலகில் சித்தப்பா மகன்தான் முதல் உரிமையுள்ள மாப்பிள்ளை. நம் ஊரில் மாமன் மகனுக்குள்ள இடம் அது. மேற்குக் கடற்கரையில் ஆஷுவின் மடியில் வளர்ந்த மகளுக்கு? அவள் அம்மா வழியினர் கண்ணில் சுரூர் அவளுக்கு உடன்பிறந்தவன் முறை. ஆஷுவும் ஏடனுக்குப் போனாளா என்பதைக்கூடக் கடிதங்கள் சொல்லவில்லை. அவளைப் பற்றி அவை மௌனம். தாய் வீட்டில் இந்தக் கல்யாணத்தை என்னவென்று பேசியிருப்பார்கள் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தத் தாள்களெல்லாம் ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில், கெனிசா என்ற அறையில் கிடந்தவை. கடவுள் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்பதால் எபிரேய எழுத்துள்ள எதையும் அங்கே போட்டுவைத்தார்கள். அறிஞர் சாலமன் ஷெக்டர் 1896–97இல் அங்கே போய்ப் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார்; அங்கு இருப்பவை மட்டும் சுமார் 1,90,000 துண்டுகள். பென் யிஜுவின் கடிதங்களை அடையாளம் கண்டு கோத்தவர் எஸ். டி. கோய்டைன். அவரும் ஃபிரீட்மனும் பதிப்பித்த இந்திய வணிகர் ஆவணங்கள் 2008இல் நூலாயின. ஆஷுவின் கதையைப் பொதுவாசகருக்குக் கொண்டுவந்தது அமிதவ் கோஷ் 1992இல் எழுதிய நூல்.

அதே அறையில் ஷெக்டர் கண்டெடுத்த இன்னொரு நூல் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நெருக்கமான ஒரு சண்டையைப் பேசுகிறது. அக்கா மகளைக் கட்டலாமா?

லேவியராகமம் 18ஆம் அதிகாரத்தில் யாரை மணக்கக் கூடாது என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. அப்பாவின் சகோதரி கூடாது, அம்மாவின் சகோதரி கூடாது. அதற்கு முன் நிலைமை வேறு: மோசேயின் தகப்பன் அம்ராம் தன் சொந்த அத்தை யோகெபேத்தைக் கட்டியவர் என்று யாத்திராகமமே சொல்கிறது. ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் சகோதரியின் மகள் இல்லை. இல்லாததால் கூடும் என்றார்கள் யூதச் சட்ட அறிஞர்களான ரபிமார். கூடும் என்பதோடு நில்லாமல், சகோதரி மகளை மணப்பவனை அவர்களுடைய சட்டத் தொகுப்பான டால்முத் பாராட்டவும் செய்கிறது. ஷெக்டர் 1910இல் பதிப்பித்த நூலை 'தமஸ்கு ஆவணம்' என்கிறார்கள். பிற்பாடு சாக்கடல் குகைகளிலும் அதன் பிரதிகள் கிடைத்தன. அதை எழுதியவர்கள் ஆவேசமாக மறுக்கிறார்கள். சட்டம் ஆண்களை முன்னிட்டு எழுதப்பட்டிருந்தாலும் பெண்களுக்கும் அதுவே பொருந்தும். அக்கா மகன் சித்தியைக் கட்டக் கூடாதென்றால் மாமன் மருமகளைக் கட்டுவதும் கூடாது என்பது அவர்கள் வாதம். தர்க்கம் பிசிறில்லாதது. தமிழ்நாட்டில் பல சமூகங்களில் தாய்மாமனே மாப்பிள்ளையாக நிற்கும் மேடைகளில் இந்த வாதம் எடுபட்டிருக்காது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம்கூட மாமன்–மருமகள், அண்ணன் பிள்ளை–தங்கை பிள்ளை ஆகிய இரண்டையும் தடைப் பட்டியலில் வைத்துவிட்டு, வழக்கம் அனுமதித்தால் சரி என்று ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் தெற்கே இத்தனை கல்யாணங்கள்.

எபிரேயத்தை உறவுச் சொல்லில் ஏழை என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ஆங்கிலத்தில் சகலைக்குச் சொல் கிடையாது. எபிரேயத்தில் உண்டு: 'கீஸ்'. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூல், வழக்கில் யாரெல்லாம் சாட்சி சொல்லவோ நீதிபதியாக உட்காரவோ கூடாது என்று உறவினர்களை அடுக்கும்போது அண்ணன் தம்பி, மாமனாரோடு 'கீஸ்' என்பவரையும் சேர்க்கிறது. மனைவியின் சகோதரியைக் கட்டியவர் என்றே உரைகாரர்கள் அதற்குப் பொருள் சொன்னார்கள். சகலை சாட்சிக் கூண்டில் ஏறினால் உண்மை வராது என்பதை அந்தக் காலத்திலேயே கண்டுவைத்திருக்கிறார்கள். இன்றைய பேச்சில் 'கீஸ்' மச்சான், கொழுந்தன், மைத்துனன் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது.

'மெஹுத்தான்' இன்னொன்று. பெண் கொடுத்தவரும் எடுத்தவரும் ஒருவருக்கொருவர் அதுதான். அச்சு அசல் நம் சம்பந்தி.

'யாவாம்' என்பதற்குத்தான் தமிழில் இணையில்லை. கணவனின் சகோதரன் என்ற அளவில் கொழுந்தன்தான். ஆனால் பிள்ளையில்லாமல் அண்ணன் இறந்துபோனால் அண்ணியை மணந்து, பிறக்கும் முதல் மகனால் அண்ணன் பெயர் விளங்க வைக்க வேண்டிய கடமையுள்ள கொழுந்தன். மறுத்தால் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அவள் அவனுடைய செருப்பைக் கழற்றி, முகத்துக்கு எதிரே துப்ப வேண்டும் என்கிறது உபாகமம். இஸ்ரேலின் தலைமை ரபிமார் 1950இல் இந்தக் கொழுந்தன் மணத்தை நிறுத்திவிட்டார்கள். செருப்பு கழற்றி விடுவிக்கும் சடங்கு மட்டும் நீடிக்கிறது.

பல நூற்றாண்டுகள் வழிபாட்டிலும் ஏட்டிலும் மட்டும் இருந்த மொழி வீட்டுக்குள் திரும்பியபோது, உறவுச் சொற்கள்தான் முதல் தேவையாயின. அந்த மீட்பின் முன்னோடி எலியேசர் பென் யெகுதா 1881இல் எருசலேமில் குடியேறினார். 1882இல் பிறந்த மகனுடன் வேறு மொழியே பேசக் கூடாது என்று வீட்டில் கட்டளை. அந்தப் பையன் வளர்ந்து இத்தமார் பென் அவி என்று பெயர் வைத்துக்கொண்டார். 'பென் அவி' என்றால் 'என் அப்பாவின் மகன்'. அப்பா, இம்மா, ஸபா, ஸவ்தா எல்லாம் அரமேயக் கடன்தான், என்றாலும் குழந்தைகள் வாயில் ஒட்டிக்கொண்டன. 'தோத்' அப்பா பக்கத்திலிருந்து அம்மா பக்கமும் பரவியது. இன்று டெல் அவிவ் தெருவில் முன்பின் தெரியாத ஆணை இளைஞர்கள் 'அஹி' என்று கூப்பிடுவார்கள். 'என் சகோதரா' என்று பொருள். திருப்பூர் பஸ்ஸில் அந்த இடத்தில் 'அண்ணா' வரும். கல்லூரி வாசலில் 'மச்சான்' வரும். நெருக்கத்தைச் சொல்ல அவர்கள் உடன்பிறப்பைத் தேர்ந்துகொண்டார்கள், நம் பையன்கள் சம்பந்த உறவைத் தேர்ந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் 'அஹோத்', அதாவது சகோதரி. நாம் 'சிஸ்டர்' என்பதும் அதேதான். ஆண் நர்ஸ் 'ஆஹ்'.

திருப்பூருக்கு எபிரேயம் தூரம், இந்தி தூரமில்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாமிலிருந்து வந்த தொழிலாளர்கள் பனியன் கம்பெனிகளை நிறைத்திருக்கிறார்கள். இந்தியில் அம்மாவின் சகோதரருக்கு 'மாமா' என்ற சொல் உண்டு, மரியாதையும் உண்டு. ஆனால் அந்த மாமாவின் மகள் 'மமேரி பெஹன்', மாமா வழித் தங்கை. சித்தப்பா மகள் 'சசேரி பெஹன்', அத்தை மகள் 'ஃபுஃபேரி பெஹன்'. சித்தி மகளையும் சேர்த்து நால்வரும் தங்கைகள்தான், யாரையும் கட்ட முடியாது. எபிரேயக்காரர் இந்த நால்வரில் யாரையும் தடுக்கவில்லை, இந்திக்காரர் நால்வரையும் தடுத்துவிட்டார், தமிழர் பாதியை அனுமதித்துப் பாதியைத் தடுத்தார். பக்கத்துத் தையல் மெஷினில் இருக்கும் கொங்குப் பெண் வைகாசியில் மாமன் மகனைக் கட்டப்போகிறாள் என்று பத்திரிகை நீட்டும்போது, பாட்னா பக்கத்துப் பையன் அதை இரண்டு தரம் படிப்பதற்குக் காரணம் மொழி தெரியாதது அல்ல.

அடுத்த வாரம்: திருப்பூர் முஸ்லிம் வீடுகளின் சாச்சாவும் மாமுவும்.

(தொடரும்)